பொறுமையும் முறையீடும்

 



நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் அடிவாரத்து ஊரொன்றில் இமாமாகப் பணியாற்றி வருகிறேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால் சோளக்காடு, செம்மேடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என மலையூர்கள் விரிந்து கிடக்கும். எங்கள் ஜமாஅத்தாரில் சிலர் அங்கிருந்து மிளகு, காபி, பலா, அன்னாசி, மலைவாழை ஆகியவற்றைக் கொள்முதல் செய்கின்றனர். வேறு சிலர் துணியும் பாத்திரமும் மின்சாதனமும் மலைக்கு ஏற்றிச் சென்று விற்கின்றனர். ஆகவே வாங்குதலும் விற்றலும் எங்களுக்கு அன்றாட வாழ்க்கை. ஆயினும் தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் மிம்பரில் பேசிய அளவுக்கு, வாங்குபவரின் உரிமையைப் பற்றி நான் பேசியதில்லை. அந்தக் குறையை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மஹல்லாவில் கணவரை இழந்த சகோதரி ஒருவர் இருக்கிறார். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்து வந்தார். மகளிர் குழுவில் கடன் பெற்று, நகரத்துக் கடை ஒன்றில் மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் வாங்கினார். ஒரு மாதத்திற்குள் அது பழுதாயிற்று. கடைக்காரர் இன்று வா, நாளை வா என்று அலைக்கழித்தார். பழுது பார்த்துத் திரும்பக் கொடுத்த இயந்திரம் மீண்டும் நின்றது. இயந்திரம் ஓடாவிட்டாலும் கடன் தவணை நிற்கவில்லை. அந்தச் சகோதரி என்னிடம் வந்து, "ஹஜ்ரத், நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். கடைக்காரர் ஊரில் மரியாதைக்குரிய குடும்பத்தைச் சேர்ந்தவர். நான், "ஸபூர் செய்யுங்கள் அம்மா, அவரிடம் நான் பேசுகிறேன்" என்றேன். பேசவும் செய்தேன். அவரும் பார்க்கிறேன் என்றார். அதோடு நான் மறந்துவிட்டேன்.

இரண்டரை ஆண்டுகள் சென்றபின், எங்கள் பள்ளிக்கு வந்திருந்த வழக்கறிஞர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "முறையீடு செய்யும் காலம் 2 ஆண்டுகள்தானே, ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்பது. தக்க காரணத்தை எழுத்தில் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னார். அந்தச் சகோதரியிடம் போய்ச் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "காரணம் என்று எதை எழுதுவேன் ஹஜ்ரத்? நீங்கள் பொறுமையாக இருக்கச் சொன்னீர்கள் என்றா எழுதுவேன்? வேண்டாம், விட்டுவிடுங்கள்" என்றார். இயந்திரத்தை அதற்குள் பழைய இரும்பு விலைக்கு விற்றிருந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார். எனினும் நான் சொன்ன பொறுமை யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வி இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

உரிமை கேட்பவரை அதட்டலாகாது

பொறுமை ஈமானின் பெரும் பண்பு என்பதில் ஐயமில்லை. நோயிலும் இழப்பிலும் இறைவனின் விதியைப் பொருந்திக்கொள்வதே பொறுமை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் அநீதியைக் கண்டும் வாய்மூடி இருப்பதற்கு மார்க்கம் அந்தப் பெயரைச் சூட்டவில்லை.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நபியவர்கள் ஒரு மனிதரிடம் ஒட்டகம் ஒன்றைக் கடனாகப் பெற்றிருந்தார்கள். அம்மனிதர் வந்து கடுமையான சொற்களால் அதைத் திருப்பிக் கேட்டார். தோழர்கள் கோபமுற்று அவரைத் தண்டிக்க முனைந்தனர். நபியவர்களோ அவர்களைத் தடுத்தார்கள். உரிமை உள்ளவருக்குப் பேசுவதற்கு இடமுண்டு என்ற கருத்தைக் கூறி, அவருக்குரிய ஒட்டகத்தை வாங்கிக் கொடுக்கப் பணித்தார்கள். அதே வயதுடைய ஒட்டகம் கிடைக்கவில்லை, அதைவிடச் சிறந்ததே கிடைக்கிறது என்று சொல்லப்பட்டபோது, அதையே கொடுக்கச் செய்தார்கள்.

இதில் நமக்கு மூன்று படிப்பினைகள் உள்ளன. முறையிடுபவரின் குரல் உயர்ந்திருப்பதால் அவருடைய உரிமை குறைந்துவிடாது. பதவியிலும் மதிப்பிலும் எவ்வளவு உயர்ந்தவராயினும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் இல்லை. பரிகாரம் என்பது சமாதான வார்த்தைகளோடு முடிவதன்று. இழந்த பொருள் கைக்கு வந்து சேர வேண்டும். நான் அந்தக் கடைக்காரரிடம் சென்று பேசியதில் இந்த மூன்றாவது அம்சம் இல்லை. ஆகவே அது பரிகாரமாக அமையவில்லை.

ஃபிக்ஹு நூல்களில் 'கியாருல் அய்ப்' என்றொரு பாடம் உண்டு. வாங்கிய பொருளில் முன்பே குறை இருந்தது தெரியவந்தால், வாங்கியவர் அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை பெறுகிறார் என்பதே அதன் சாரம். ஏமாற்றத்திற்கு எளிதில் ஆளாகிவந்த ஒரு தோழருக்கு, ஏமாற்று இருக்கக் கூடாது என்று வியாபாரத்தின்போதே சொல்லிவிடுமாறு நபியவர்கள் கற்றுக் கொடுத்தார்கள் என்றும், பொருளைத் திருப்பித் தர 3 நாள் அவகாசம் அளித்தார்கள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. எளியவருக்குக் கூடுதல் பாதுகாப்புத் தேவை என்பதை நம் மார்க்கம் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டது.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

முற்காலத்தில் பொருளைச் செய்தவரையும் விற்றவரையும் நாம் நேரில் அறிந்திருந்தோம். 1991க்குப் பின் பொருளாதாரம் தாராளமயமானது, சந்தை பெருகியது. இன்று பொருளைச் செய்யும் ஆலை ஒரு மாநிலத்தில், விளம்பரம் செய்பவர் இன்னொரு மாநிலத்தில், தவணைக் கடன் தரும் நிறுவனம் வேறோரிடத்தில். செம்மேட்டில் இருப்பவரும் கைப்பேசியில் பொருளை வரவழைக்கிறார். பழுதானால் யாரைக் கேட்பது என்பதே தெரிவதில்லை. இத்தகைய சந்தையில் தனி மனிதரின் பலம் மிகச் சிறிது. அதனால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

அமெரிக்க அதிபர் கென்னடி 1962 மார்ச் 15 அன்று அந்நாட்டுப் பேராயத்திற்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோரின் 4 உரிமைகளை எடுத்துரைத்தார். பாதுகாப்பு பெறுதல், தகவல் அறிதல், தேர்ந்தெடுத்தல், தம் குரல் கேட்கப்படுதல் என்பன அவை. அந்நாளே உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1985இல் ஐக்கிய நாடுகள் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்றது. இந்தியாவில் 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது.

வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டிய சில செய்திகளை இங்கே தருகிறேன்.

சொந்தப் பயன்பாட்டிற்கு விலை கொடுத்துப் பொருள் வாங்குபவரும் சேவை பெறுபவரும் நுகர்வோர் ஆவர். வணிக நோக்கத்திற்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகார். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் கருதுவதில்லை. எங்கள் சகோதரியின் தையல் இயந்திரம் இதற்குள் அடங்கும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்சநீதிமன்றம் 2012இல் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவ சேவையும் இச்சட்டத்திற்கு உட்பட்டது என்று 1995இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளைக் காண்கிறோம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், ரசீதில் குறித்த காலத்திற்குள் அல்லது அவ்வாறு குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வணிகச் செயல். ரசீது தர மறுப்பதும் அவ்வாறே. ஆகவே கடைக்காரர் "பில் வேண்டுமானால் வரி சேரும்" என்று சொன்னால், பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கியவர் தம் வாதத்தைத் தாமே பலவீனப்படுத்திக் கொள்கிறார்.

முறையிடும் வழி

முறையீடு என்றவுடன் நீதிமன்றம், வழக்கறிஞர் கட்டணம், அலைச்சல் என்று மக்கள் அஞ்சுகின்றனர். உண்மையில் வழி எளிதாகவே வகுக்கப்பட்டுள்ளது.

முதலாவதாக, விற்றவருக்கு எழுத்தில் முறையிட வேண்டும். என்ன வாங்கினீர்கள், எப்போது, என்ன விலைக்கு, என்ன குறை, என்ன பரிகாரம் வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கோபச் சொற்கள் வேண்டா. தேதிகளே போதும்.

இரண்டாவதாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நிறுவனங்களுடன் பேசிப் பல குறைகள் வழக்கின்றியே அங்கு தீர்க்கப்படுகின்றன. வங்கி சார்ந்த குறையாயின் முதலில் வங்கிக்கே எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கைப்பேசி வழியே பணம் திருடப்பட்டால் 1930 என்ற எண்ணைத் தாமதமின்றி அழையுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மூன்றாவதாக, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 இலட்சம் ரூபாய் வரையுள்ள முறையீடுகளை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையமும், அதற்கும் மேற்பட்டவற்றைத் தேசிய ஆணையமும் விசாரிக்கும். கொடுத்த விலை 5 இலட்சத்திற்கு மிகாதிருந்தால் கட்டணமே இல்லை. நம்மில் பெரும்பாலோரின் முறையீடு இதற்குள்தான் அடங்கும். முறையிடுபவர் தாமே வாதாடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரும் வசதி. கொல்லிமலைவாசி ஒருவர் மும்பை நிறுவனத்திற்கு எதிராக நாமக்கல்லிலேயே மனு அளிக்கலாம். இணையம் வழியாகவும் மனுவைப் பதியலாம்.

எதிர்த்தரப்பினர் 30 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். மேலும் 15 நாட்கள் வரையே ஆணையம் அவகாசம் நீட்டிக்க இயலும் என்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதி செய்தது. ஆய்வுக்கூடப் பரிசோதனை தேவைப்படாத முறையீட்டை 3 மாதங்களிலும், தேவைப்படுவதை 5 மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரு தரப்பும் இசைந்தால் சமரச மையத்திற்கு அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. ஆணையத்தின் தீர்ப்பில் நிறைவு இல்லையெனில் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

நான்காவதாக, வசதியற்றோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். அந்தச் சகோதரிக்கு இவ்வுதவி இருந்தது. கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இவை அனைத்திற்கும் மேலாக ஒன்றை நினைவில் வையுங்கள். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். கடைக்காரர் தரும் ஒவ்வொரு வாக்குறுதியும் அந்தக் காலத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது.

உண்பதில் எச்சரிக்கை

மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் ஆகாயகங்கை அருவியைக் கண்டு திரும்பும்போது தேனும் மிளகும் வாங்கிச் செல்வது வழக்கம். மலைத்தேன் என்ற பெயரில் வெல்லப்பாகும் சர்க்கரைப் பாகும் விற்கப்படுவது எங்கும் கேட்கும் புகார். பெயர் பெற்ற நிறுவனங்களும் இதற்கு விலக்கில்லை. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட 13 தேன் வகைகளுள் 10 வகைகள் நவீனப் பரிசோதனையில் தேறவில்லை. சாதாரண பரிசோதனையில் பிடிபடாதவாறு தயாரிக்கப்பட்ட பாகு கலக்கப்படுவதாக அம்மையம் எடுத்துக் காட்டியது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் வீட்டுச் சோதனைகளை முழுதும் நம்ப இயலாது என்பதை இதனால் அறியலாம். மிளகில் பப்பாளி விதை கலப்பதை மட்டும் வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். தண்ணீரில் இட்டால் நன்கு முற்றிய மிளகு அமிழும்; பப்பாளி விதை மிதக்கும்.

ஐயம் வலுத்தால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் வாங்குபவருக்கே ஓர் உரிமையைத் தருகிறது. பரிசோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் அறிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கச் செய்யலாம். குற்றம் நிரூபணமானால் கட்டணம் திருப்பித் தரப்படும்.

பொட்டலப் பொருட்களில் அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. மலைக்கு ஏற்றி வந்த கூலி என்றோ, குளிரூட்டிய செலவு என்றோ கடையில் அதற்கு மேல் வாங்குவது குற்றம். உணவகத்தில் பரிமாறப்படும் தண்ணீர் புட்டிக்கு இது பொருந்தாது என்று 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலையோரக் கடைக்காரர் அத்தீர்ப்பைத் துணைக்கு அழைக்க முடியாது.

இனி, விற்போரும் கொள்முதல் செய்வோரும் கேட்க

அன்புச் சகோதரர்களே! இதுவரை படித்துத் தலையசைத்த வியாபாரிகள், இனி வருவதையும் அதே மனத்துடன் படிக்க வேண்டுகிறேன். நாம் ஒரு கடையில் நுகர்வோராக நிற்கிறோம். மறுநாள் இன்னொருவருக்கு முன் தராசைப் பிடித்து நிற்கிறோம்.

சென்ற ஆண்டு மலையிலிருந்து இறங்கி வரும்போது, எங்கள் ஜமாஅத்துச் சகோதரர் ஒருவர் சந்தைக்கு வெகுமுன்பே சாலையோரத்தில் தராசுடன் அமர்ந்திருக்கக் கண்டேன். மலையூர்களிலிருந்து மிளகு மூட்டையுடன் நடந்து வருவோரை அங்கேயே நிறுத்தி வாங்கிக்கொண்டிருந்தார். வயதான ஒரு தாயார், வீட்டில் 12 கிலோ நிறுத்துக் கொண்டு வந்ததாகச் சொன்னார். இங்கே பதினொன்றேகால் என்று காட்டியது. அதிலும் சாக்குக் கழிவு என்று அரைக் கிலோ தள்ளப்பட்டது. அந்தத் தாயார் என்னைப் பார்த்தார். என் தாடியையும் தலைப்பாகையையும் பார்த்து நான் ஏதேனும் சொல்வேன் என்று எண்ணியிருக்கலாம். அன்றும் நான் பேசவில்லை.

பின்னர் தனியே கேட்டபோது அவர், "ஹஜ்ரத், இது வியாபார சாமர்த்தியம்தானே. அவர்களும் சம்மதித்துத்தானே தருகிறார்கள்?" என்றார். மதீனாவிலும் இதே சாமர்த்தியம் இருந்தது. வெளியூர் வணிகக் கூட்டம் சந்தைக்கு வந்து சேர்வதற்கு முன்பே, நகர வியாபாரிகள் வழியில் எதிர்கொண்டு, சந்தை நிலவரம் அறியாத அவர்களிடம் குறைந்த விலைக்கு வாங்கிவிடுவர். 'தலக்கிர் ருக்பான்' என்று ஃபிக்ஹு நூல்கள் பெயரிட்டு அழைக்கும் இச்செயலை நபியவர்கள் தடை செய்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும் அனுமதித்தார்கள். விலை அறியாத நிலையில் தரப்படும் சம்மதத்தை மார்க்கம் முழுச் சம்மதமாக ஏற்கவில்லை என்பது இதன் பொருள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. நுகர்வோர் சட்டம் வாங்குபவரைப் பாதுகாக்கிறது. மிளகை விற்கும் அந்தத் தாயார் அச்சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். விலை விஷயத்தில் அவர் நாமக்கல் ஆணையத்தின் கதவைத் தட்ட இயலாது. எடைக் குறைவுக்கு மட்டும் 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் துணை நிற்கிறது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதனைச் செயல்படுத்துகிறது. மின்னணுத் தராசை ஆண்டுதோறும் பரிசோதித்து முத்திரையிட்டிருக்க வேண்டும். சட்டத்தின் எல்லை அங்கே முடிகிறது. அதற்கு அப்பால் அந்தத் தாயாருக்கும் நமக்கும் இடையே இருப்பது அல்லாஹ்வைப் பற்றிய அச்சம் மட்டுமே.

முன்பணம் கொடுப்போரும் சிந்திக்க வேண்டும். கொடியில் மிளகு பிஞ்சாக இருக்கும்போதே பணத்தேவையுள்ள விவசாயியிடம் சிறு தொகையைக் கொடுத்து, அறுவடையின்போது தாம் நிர்ணயிக்கும் விலைக்கே தர வேண்டும் என்று கட்டிப்போடும் வழக்கம் பல மலைப்பகுதிகளில் உண்டு. பக்குவம் வெளிப்படுவதற்கு முன் மரத்திலுள்ள கனியை விற்பதை நபியவர்கள் தடுத்தார்கள். முன்பணம் தந்து பின்னர் பொருள் பெறுவதற்கு 'ஸலம்' என்ற அனுமதிக்கப்பட்ட முறை இருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உள்ளன. பொருளின் தரம், எடை, ஒப்படைக்கும் நாள் ஆகியவை முன்பே தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். முழு விலையையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அரைகுறை முன்பணமும் பிறகு பேசும் விலையும் ஸலம் ஆகாது.

அளவில் மோசடி செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அத்தியாயம் திருக்குர்ஆனில் இருக்கிறது. 83ஆவது அத்தியாயமான 'அல்முதஃப்ஃபிஃபீன்' அது. மத்யன் நகர மக்களிடம் ஷுஐப் (அலை) அவர்கள் வலியுறுத்தியதும் அளவையும் நிறுவையையும் நேர்மையாக்குவதைத்தான். நபியவர்கள் மதீனாக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளிருந்த ஈரத்தைக் கண்டுபிடித்து, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவினார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர் சந்தைக்குச் சென்று தம் கையால் சோதித்தார்கள். பிற்காலத்தில் சந்தையைக் கண்காணிக்க 'முஹ்தஸிப்' என்ற அதிகாரியை இஸ்லாமிய அரசுகள் நியமித்ததற்கு இதுவே முன்மாதிரி.

நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுத்துணி வணிகராகவும் விளங்கினார்கள். குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லி விற்குமாறு தம் கூட்டாளியிடம் ஒப்படைத்தார்கள். கூட்டாளி சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்த விற்பனைத் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்களுடைய மத்ஹபைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லும் நாம், அவர்களுடைய கடையையும் பின்பற்ற வேண்டாமா?

அந்தச் சாலையோரத் தராசைப் பற்றி, யார் பெயரையும் சொல்லாமல், அடுத்த ஜும்ஆவில் பேசினேன். அந்தச் சகோதரர் மனம் வருந்தினார். இப்போது அவர் வேறு பள்ளியில் தொழுகிறார். அவருடைய தராசு மாறியதா என்பதை நான் அறியேன். மாற வேண்டும் என்று துஆச் செய்கிறேன். அதன்பின் மூன்று சகோதரர்கள் தம் தராசுகளை முத்திரையிடக் கொண்டு சென்றார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் சில எளிய காரியங்களைச் செய்யலாம். பள்ளி அலுவலகத்தில் முறையீட்டுப் பதிவேடு ஒன்றை வையுங்கள். வாங்கிய நாள், குறை தெரிந்த நாள், 2 ஆண்டுகள் முடியும் நாள் ஆகிய மூன்று தேதிகளும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். படித்த இளைஞர் இருவர் ஜும்ஆவுக்குப்பின் அமர்ந்து, மனு எழுத இயலாதோருக்கு எழுதிக் கொடுக்கட்டும். மதம் பாராமல் எவர் வந்தாலும் உதவட்டும். பள்ளியில் முத்திரையிட்ட எடைக்கற்களை வைத்திருந்தால், ஐயமுள்ளவர்கள் தங்கள் வீட்டுத் தராசை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வணிகர்கள் அன்றைய மிளகு விலையையும் காபி விலையையும் கடை வாசலில் எழுதி வைக்கலாம். முறையீடு ஜமாஅத்தைச் சேர்ந்தவருக்கு எதிராக வந்தாலும் இமாம்களும் முத்தவல்லிகளும் அதை மூடி மறைக்கலாகாது. இரு தரப்பையும் அழைத்து நாள் குறியுங்கள். குறித்த நாளில் பரிகாரம் கிடைக்காவிட்டால், ஆணையத்திற்குச் செல்லும் வழியைப் பாதிக்கப்பட்டவருக்கு நீங்களே காட்டுங்கள். என்னைப் போல் மறந்துவிடாதீர்கள்.

அடியார்களுக்குச் செய்த அநீதியை, அந்த அடியார் மன்னிக்காதவரை, தவ்பாவால் மட்டும் துடைக்க முடியாது என்று நம் உலமாக்கள் விளக்கியுள்ளனர். மறுமையில் கொடுத்துத் தீர்க்க நம்மிடம் தீனாரும் திர்ஹமும் இருக்கப்போவதில்லை. அந்த முக்கால் கிலோ மிளகையும் அந்தப் பழுதான இயந்திரத்தையும் இங்கேயே கணக்குத் தீர்த்துவிடுவது எளிது.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! எங்கள் தராசுகளை நேராக்குவாயாக! உரிமை இழந்தோர் பேசும்போது செவிமடுக்கும் உள்ளத்தையும், பேச வேண்டிய இடத்தில் பேசும் துணிவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.